பரிவட்டம் கட்டிய மரம்

திருவிழாவன்று காலை, ஊர் கூடுவதற்கு முன், மரத்தடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை முத்துலிங்கம், பூசாரி விஜிதரன், முப்பது வருடம் கொழுந்து பறித்த வேலாயி, கம்பஸில் தாவரவியல் படிப்பிக்கும் அவள் மகள் பிரியந்தி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

முனியாண்டி கோயிலுக்கு மேலே தென்னை உயரத்துக்கு நின்றது அந்த மரம். கடலுக்கு அப்பால் துறையூரிலிருந்து இந்தத் தேயிலை மலைக்கு முத்துலிங்கத்தின் தாத்தா வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்த விதை அது என்பது தோட்டம் அறிந்த கதை. அதனால்தான் திருவிழாவின் முதல் பரிவட்டம் எப்போதும் அந்தக் குடும்பத்துக்கு. எழுபத்தெட்டு வயதிலும் வளையாத முதுகோடு அவர் நிற்க, பூசாரி பட்டுத்துணியை அவர் தலையில் சுற்றிக் கட்டினார்.

"படிச்ச புள்ள, நீயே சொல்லு. எங்க ஊர் மரத்துக்கு என்ன பேரு?" என்று முத்துலிங்கம் பிரியந்தியைக் கேட்டார்.

அவள் கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்தாள். "இது மேப்பிள் ஐயா. கனடாக் கொடியில இருக்குதே, அந்த இலைக்குச் சொந்தம்."

"இலை அப்படி இல்லையே."

"இலை வேற. காயைப் பாருங்க, ரெட்டை றெக்கை. இது துறையூர் வெயிலுல முளைக்காது. ஜாவா, சுமத்ரா பக்கத்து மலைக்காட்டு மரம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை கொண்டாந்திருக்கணும்."

வேலாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "அதானே. இந்த றெக்கைய வேட்டியில முடிஞ்சா நொறுங்கியில்ல போயிருக்கும்."

"எங்க தாத்தா பொய் சொல்லமாட்டாரு."

"குழி வெட்டி நட்டது அவரா இருக்கலாம் ஐயா" என்றாள் பிரியந்தி.

"அப்ப அவரும் எங்கள மாதிரிக் கூலிதான்" என்றாள் வேலாயி.

பிரியந்தி மரத்தை அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "இதோட சொந்தமெல்லாம் பெரும்பாலும் குளிர் தேசத்துல. இது ஒண்ணுதான் மலை மலையாத் தெற்கே வந்து பூமத்தியரேகையவும் தாண்டிருச்சு."

அப்போது பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. பச்சை மரம் ஒரு நொடியில் வெள்ளி மரமாயிற்று. இலைகள் அத்தனையும் அடிப்புறத்தைக் காட்டின. நூறு நூறு காய்கள் சுழன்று சுழன்று இறங்கின. ஒன்று முத்துலிங்கத்தின் தோளில் வந்து அமர்ந்தது. இந்த மரத்தின் கீழ் வருடந்தவறாமல் தலைகுனிந்து நின்றவர், அன்றுதான் அதை அண்ணாந்து பார்த்தார். யார் வைத்தால் என்ன, யார் சொந்தம் கொண்டாடினால் என்ன, அது பாட்டுக்கு வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தலையில் இருந்ததை அவிழ்த்தார். "விஜி, இத மரத்துக்குக் கட்டணும்."

"ஊரு என்னங்கய்யா சொல்லும்?"

"இல்லாத கதைக்கு எங்க குடும்பம் மரியாதை வாங்குச்சுன்னு மட்டும் இனிமே சொல்லாது."

துணி அடிமரத்தைப் பாதிகூடச் சுற்றவில்லை. வேலாயி தன் தோள்துண்டை நீட்டினாள். இரண்டையும் சேர்த்து அவரே முடிந்தார்.

முத்துலிங்கத்தின் தலையிலிருந்து பரிவட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று டிக்கோயா பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். யாரும் பிடுங்கவில்லை. அவிழ்த்தவர் முத்துலிங்கம்.