பழைய தொட்டியும் என் கேள்வியும்

அக்டோபர் 14, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன்: கேள்வி கேட்டேன்.

ஸர்கா நகரில் ஒரு கழிவுநீரேற்று நிலையத்தின் பம்புகளை மாற்ற அரசு டெண்டர் விட்டிருக்கிறது. விலை போடும் கம்பெனிகள் எல்லாம் இன்று இடம் பார்க்க வந்திருந்தன. பம்பைக் கழற்றினாலும் ஊர்ச் சாக்கடை நிற்காது; அதை டேங்கர் லாரிகளில் அள்ளுவதுதான் பெருஞ்செலவு. ஆனால் நிலையத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட தொட்டி ஒன்று உண்டு. அதில் தேக்கினால் லாரியே வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர் என் முதலாளி நவ்ராஸ். இந்த வேலை கிடைக்காவிட்டால் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"போனமா, காப்பியைக் குடிச்சமா, வந்தமான்னு இரு. மூக்கைப் பொத்திக்க. வாயையும் பொத்திக்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் மூக்கை மட்டும் பொத்தினேன்.

வேலை முடிந்து நான் போகும் மாலை வகுப்பில், ஒப்பந்தப் பாடத்தில் நான்தான் முதல் மாணவன். அந்தப் பழக்கத்தில், இடத்தைச் சுற்றிக் காட்டிய நீர்த்துறை அதிகாரியைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். "உஸ்தாத், பின்னாடி இருக்கிற பழைய தொட்டியைப் பயன்படுத்தலாமா?"

அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. "நல்ல கேள்வி! பயன்படுத்தலாம். ஆனா அது ஒழுகாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. விதிப்படி இந்தக் கேள்வியும் பதிலும் எழுத்துல எல்லாக் கம்பெனிக்கும் வந்துடும்."

அந்த விதி எனக்குத் தெரியும். போன தேர்வில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

போட்டிக் கம்பெனியின் கல்தூன் என் தோளில் கைபோட்டார். "தொட்டியா? நான் பாக்கவே இல்லயேடா தம்பி! உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். எங்ககிட்ட வேலைக்கு வந்துடு. ம்ஹூம், வேணாம். நீ அங்கயே இரு, அதுதான் எங்களுக்கு லாபம்."

அலுவலகம் வந்து நவ்ராஸிடம் நடந்ததைச் சொன்னேன். ஏன் கேட்டேன் என்று வரிசையாக விளக்கத் தொடங்கினேன்.

"போதும்ப்பா. இதுக்கும் வகுப்புல மார்க் போடுவாங்களா?"

"மன்னிச்சிடுங்க முதலாளி. நான் வேலையை விட்டு..."

"அதையாவது ஊருக்குச் சொல்லாம செய். சரி, தொட்டி எங்க ஒழுகுதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப மொதல்ல தெரிஞ்சுக்கறவன்தான் அதை அடைக்கிற செலவையும் சேத்துச் சரியான விலை போடுவான். கல்தூன் எப்படி வந்தான்?"

"பளபளன்னு தோல் ஷூ போட்டுட்டு."

"அவன் இறங்க மாட்டான். நீ இறங்கு."

நாளை காலை: அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். கயிறு, விஷவாயுவைக் காட்டும் கருவி, முழங்கால் பூட்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டறை ஆள் ஒருவரை மேலே நிறுத்திவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி, விரிசல்களை அளந்து வர வேண்டும்.