கனகசூரியம் மண்டபம்

அந்த வருடத்தின் முதல் நாடகத்தன்று மழை கொட்டாமல் இருந்திருந்தால் நாகரெத்தினம் மேடைக்குப் பின்னால் வந்திருக்கமாட்டார் என்று மேர்லின் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

கல்லடியில் வாவியோரம் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நெல் களஞ்சியத்தில் அவர்களுடைய குழு வருடத்துக்கு மூன்று நாடகம் போட்டுவந்தது. பெப்ரவரியில் சிரிப்பு நாடகம், ஜூனில் குடும்பக் கதை, செப்டம்பரில் இசை நாடகம். யாருக்கும் அது பிழைப்பில்லை. நெறியாளர் மேர்லின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். விளக்கும் ஒலியும் பார்க்கிற றமீஸுக்குக் காத்தான்குடியில் மின்சாரச் சாமான் கடை. பாடத் தொடங்கினால் சனத்தை அசையவிடாத கேதீசன், பஸ் நிலையத்துக்கு அருகில் கைத்தொலைபேசி திருத்துகிறவன்.

அந்தப் பெப்ரவரி மாலை, மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக மழை நேரே அவன் தலையில் ஊற்றியது. சனம் அதையும் நாடகமென்று நினைத்துச் சிரித்தது. எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட, மெல்லப் பேசுகிற ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டீச்சர், சனம் நனைஞ்சுகொண்டு பாக்குது. பாவம்தானே. கூரைய நான் பாத்துக்கொள்றன்."

நாகரெத்தினத்தைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. வாவியோரத்துக் கண்டல் மரங்களை வெட்டி, கிரவல் மண் கொட்டி நிரப்பி, நிலமாக்கி விற்கிறவர். மேர்லின் சற்றுத் தயங்கினாள். பிறகு நன்றி சொன்னாள்.

அடுத்த கிழமையே புதுத் தகரம் ஏறியது. அதன் பின்னால் சிவப்புத் திரைச்சீலை வந்தது, ஜெனரேட்டர் வந்தது. ஜூன் நாடகத்தன்று நடிகர்கள் எல்லோருக்கும் பிரியாணி வந்தது. அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து பின்வரிசையில் கைகட்டி இருந்தார். அவர் வந்தால், வசனம் மறக்காதவர்களும் மறந்தார்கள்.

செப்டம்பர் இசை நாடகத்தை எழுதியவன் கேதீசன். அதில் பெயர்கள் எல்லாம் வேறு, ஆனால் கதை அவனுடைய அப்பாவின் கதை. அப்பா கனகசூரியம் கண்டல் ஓரத்தில் வீச்சு வலையால் இறால் பிடித்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு கிரவல் ஏற்றிவந்த டிப்பர்களை மறித்துக் கைகளை விரித்து நின்றார். அன்று வண்டிகள் திரும்பிப் போயின. ஒரு மாதம் கழியமுன் அவருடைய தோணி பாலத்தடியில் கவிழ்ந்து கிடந்தது; உடலை மறுநாள் எடுத்தார்கள். தவறி விழுந்து இறந்தார் என்று விசாரணை முடிந்தது.

நாடகத்தின் கடைசிக்கு முந்திய காட்சியில், மகனாக நடிக்கிற கேதீசன் வாவியைப் பார்த்துப் பாட வேண்டிய நாலு அடிப் பாட்டு இப்படி முடிந்தது.

*நீ தானே நீச்சல் பழக்கினாய் அவருக்கு,*
*நீயே சொல், எப்படி மறந்தார் அதை?*

ஒத்திகையில் அதைக் கேட்டுவிட்டு நாகரெத்தினம் எழுந்து முன்னால் வந்தார்.

"நல்ல பாட்டு. ஆனா கொஞ்சம் நீளம், என்ன டீச்சர்?"

"நாலே நாலு அடிதான் ஐயா."

"நாலு அடியும் நீளம்தான்." அவர் புன்னகைத்தார். "இந்தக் கூரைக்குக் கீழ சனம் சந்தோசமா இருந்திட்டுப் போகோணும். வேற என்ன எனக்கு?"

அவர் போன பிறகு மேர்லின் கேதீசனைத் தனியே கூப்பிட்டு, பாட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தன் மீது வெறுப்பு வந்தது.

"எடுங்க டீச்சர்," என்றான் அவன்.

அவ்வளவு இலகுவாக அவன் சம்மதித்தது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை.

முதல் மேடையேற்றம் சனிக்கிழமை பின்னேரம். களஞ்சியம் நிறைந்திருந்தது. நாகரெத்தினம் முன்வரிசையில், கேதீசனின் தாய் புஸ்பம் அவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில். வெட்டிய பாட்டின் இடம் வந்தது. அடுத்த காட்சிக்குப் போக வேண்டிய கேதீசன் போகவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, வாத்தியம் ஏதுமில்லாமல் பாடத் தொடங்கினான்.

றமீஸ் ஒலிப்பெட்டிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேர்லினைப் பார்த்தான். குறைக்கவா என்று கண்ணால் கேட்டான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். பாட்டு முடிந்தபோது முதலில் எழுந்து கைதட்டியவர் நாகரெத்தினம்.

நாடகம் முடிந்ததும் அவர் மேடையேறி, கேதீசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவன் தோளில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: "மழை வரப்போகுது. தம்பிய நான் வீட்ட விடுறன்."

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புஸ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேர்லினின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், நீங்களும் போங்க."

"எனக்கும் அந்தப் பக்கம்தான் போகணும் ஐயா," என்று மேர்லின் பொய் சொன்னாள்.

"அதுக்கென்ன, வாங்க. இடமிருக்கு."

சாரதி ஜீப்பை எடுத்தான். கேதீசனின் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் ஜீப் திரும்பாமல் நேரே போனது.

"வீடு அங்கால ஐயா."

"தெரியும் மகன். ஒரு இடம் காட்டோணும்."

புதிதாக நிரப்பிய நிலத்தில் வண்டி நின்றது. ஒரு மரமில்லை. கிரவல் பரப்பு செம்மண் நிறத்தில் வாவிக்குள் நீண்டு கிடந்தது. மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நாகரெத்தினம் இறங்கி முன்னால் நடந்தார். அவர்களும் நடந்தார்கள்.

"இதில ஒரு மண்டபம் கட்டப்போறன். ஐந்நூறு பேர் இருந்து பாக்கலாம். உங்கட குழுவுக்குத்தான். பேரும் யோசிச்சிட்டன்." அவர் கேதீசனைத் திரும்பிப் பார்த்தார். "கனகசூரியம் மண்டபம். எப்பிடி?"

கேதீசன் காலடியில் கிடந்த கிரவலைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்பாட தோணி எங்க கிடந்ததெண்டு தெரியுமா ஐயா?"

"இந்தா, நீ நிக்கிற இடத்துக்கு நேரதான். அப்ப இதில கண்டலும் தண்ணியும்."

மேர்லின் சட்டென்று கேதீசனைப் பார்த்தாள். தோணி கிடந்தது பாலத்தடியில் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள், பத்திரிகையிலும் வந்தது. பாலம் இங்கிருந்து நெடுந்தூரம். அவர் வாய் தவறிச் சொன்னவராகத் தெரியவில்லை. சொன்னதை அவர்கள் விளங்கிக்கொண்டார்களா என்று இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விளங்கிக்கொண்டார்கள் என்று கண்டதும் திருப்தியோடு தலையாட்டினார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

இருவரையும் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அந்தச் சாரதி நின்றான். மேர்லினின் கையில் ஒரு திறப்பை வைத்தான்.

"ஐயா களஞ்சியத்த வாங்கிட்டார். புதுப்பூட்டு போட்டிருக்கு. திறப்பு உங்களிட்டயே இருக்கட்டாம். பாட்டையும் எடுக்கத் தேவல்லையாம். மண்டபத்துக்கு ஓம் எண்டு சொன்னாப் போதுமாம்."

அன்று மாலையே அவள் கேதீசனின் வீட்டுக்குப் போனாள். புஸ்பம் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"இவன கட்டாருக்கு வேலைக்கு அனுப்பப்போறன் டீச்சர். எனக்கு நாடகமும் வேணாம், மண்டபமும் வேணாம்."

"போறன் அம்மா," என்றான் கேதீசன். "ரெண்டாவது தரம் நாடகம் போட்டு முடியட்டும்." பிறகு மேர்லினைப் பார்த்தான். "ஓம் எண்டு சொன்னா அப்பா அவர்ர ஆளாகிடுவார் டீச்சர். செத்த பிறகும் அவர்ர நிலத்தில, அவர்ர பேச்சுக் கேட்டுக்கொண்டு நிப்பார்."

"அவர் அண்டைக்குச் சொன்னத நாம ரெண்டு பேர்தான் கேட்டம்," என்றாள் மேர்லின்.

"அதான். இன்னும் கொஞ்சப் பேர் கேக்கட்டும்."

அவள் திறப்பை றமீஸிடம் கொடுத்தனுப்பினாள். அவன் அதை நாகரெத்தினத்தின் வாசற்காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்ததாகச் சொன்னான்.

இரண்டாவது மேடையேற்றத்தைக் கடற்கரையில், கரைவலைக்காரரின் வாடிக் குடிசைக்கு முன்னால் வைத்தார்கள். திரையில்லை, கூரையில்லை. றமீஸ் கடையிலிருந்து இரண்டு விளக்குகளும் ஒரு பற்றரியும் கொண்டுவந்தான். முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில் கறுப்பு ஜீப் மணல் விளிம்பில் வந்து நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பின்னால் இருந்த சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்.

கேதீசன் தன் பாட்டுக்கு வந்தான். நாலு அடிக்குப் பிறகு ஐந்தாவது அடி ஒன்று புதிதாக இருந்தது.

*பாலத்தடியில் இல்லை தோணி, கண்டலடியில் கிடந்தது.*

இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்கள். வாடிக்குள்ளிருந்த மீனவர்களும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். கேதீசன் அந்த அடியை இன்னொருமுறை பாடினான். மேர்லின் பயந்தாள். ஆனால் அவனை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் நின்றது. முன்கதவு திறந்தது. நாகரெத்தினம் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு, மணலில் மெல்ல நடந்து வந்து, எழுந்து போனவர்கள் விட்டுச்சென்ற கதிரை ஒன்றில் உட்கார்ந்தார்.

"பாடு மகன்," என்றார். "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."