ஷிப்ட் சங்கு மேல்பட்டாம்பாக்கம் போன கதை

தைரியநாதனின் பள்ளியில் பிளஸ் டூ எலக்ட்ரானிக்ஸ் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தப் பிரிவுக்கென்று, கம்ப்யூட்டருக்குத் தம்பி மாதிரி, ஒரு மைக்ரோபிராசசர் கிட்டும் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டதில்லை.

தலைமையாசிரியர் துரைராஜ் கிட்டைத் தம் அறைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று வெளியே எடுப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார், சூடம் காட்டுவார், திரும்ப உள்ளே வைத்துவிடுவார். "பசங்க கை பட்டா போயிடும்யா" என்பது அவர் கட்சி.

ஆகவே தைரியநாதனும் வகுப்புத்தோழி அமிர்தமும் கிட்டின் விசைகளைக் காலண்டர் அட்டையில் வரைந்து, அதன்மேல் தட்டித்தட்டிப் புரோகிராம் பழகினார்கள். அட்டை ஒருநாளும் தப்பு என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை.

1987-இல் மேல்பட்டாம்பாக்கத்தில் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. துரைராஜ் கிட்டை வெளியே எடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"பரிசு வாங்கினா இது உங்க லேபுக்கு. இல்லேன்னா பீரோவுக்கு. அப்புறம் பரீட்சை வரைக்கும் அட்டைதான்."

இருவரும் ஷிப்ட் சங்கு செய்தார்கள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கை ஆளில்லாமல் ஊதவைக்கும் மாதிரி. ஒரு நிமிஷத்தில் ஒரு நாள் ஓடிவிடும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். ஸ்விட்சை அணைத்தால் கிட்டில் அடித்த புரோகிராம் முழுக்க அழிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் ஸ்விட்சை அணைப்பதில்லை. கரண்ட் தானாகவே போகக்கூடும் என்பது மட்டும் தெரியாது. இருவரும் ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கும் நெய்வேலியின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள்; அங்கே கரண்ட் போனதே இல்லை. மெழுகுவத்தி என்பது கோவிலில் மாதாவுக்கு ஏற்றுவதற்காக மட்டுமே தயாராகிறது என்றுதான் தைரியநாதன் நம்பியிருந்தான்.

கண்காட்சிக் கூடத்தில் புரோகிராமை அடித்து முடித்தார்கள். சங்கு அருமையாக ஊதியது. துரைராஜ் தாமே ஊதியதுபோல் நிமிர்ந்து நின்றார். நடுவர் பக்கத்து வரிசைக்கு வந்தபோது விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, கிட்டின் சிவப்பு எண்கள் மறைந்தன.

"ஃபியூஸா?" என்றாள் அமிர்தம்.

எதிர் மேசையில் களிமண் எரிமலை வைத்திருந்த உள்ளூர்ப் பையன் சிரித்தான். "இன்னா ஃபியூஸு? கரண்டு பூட்ச்சுப்பா. சாயங்காலந்தான் வரும். நீங்க நெய்வேலிதான? ஊருக்கெல்லாம் ஊத்தறீங்க, உங்க பொட்டிக்கு ஒரு சொட்டு எடுத்தாரலியா?"

அவனுடைய எரிமலை கரண்ட் இல்லாமலே நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. துரைராஜ் மெதுவாகக் கிட்டின் உறையைத் தேடத் தொடங்கினார். அந்தத் தேடலில் லேசான நிம்மதி இருந்ததை அமிர்தம் பார்த்துவிட்டாள்.

"உறைய அவர் கையில குடுக்காத" என்று கிசுகிசுத்தாள்.

தைரியநாதன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அவர்களை ஏற்றிவந்த சுரங்கக் கம்பெனி பஸ் சுவரை ஒட்டி நின்றது. டிரைவர் கலியமூர்த்தி சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பேட்டரி வேணும்."

"இன்னாத்துக்குடா? வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா யாரு தள்றது?"

"துரைராஜ் சார் தள்ளுவாருண்ணே."

கலியமூர்த்தி அந்தக் காட்சியைச் சற்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். உடனே இறங்கி பேட்டரிப் பெட்டியைத் திறந்தார்.

பன்னிரண்டு வோல்ட் ஜன்னல் வழியாக ஒயரில் ஏறி வந்தது. கிட்டுக்கு ஐந்து வோல்ட் போதும். சுவர்க் கரண்டை இறக்கித் தரும் பெட்டி இருவரும் லேபில் கையில் சூடுபட்டுச் செய்தது. எந்த இடத்தில் ஒயரை நுழைத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று தெரியும். நுழைத்தார்கள். கிட் கண் விழித்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

"சொல்லு" என்றான் தைரியநாதன்.

"மூணு ஈ. எட்டு சைபர். டி மூணு. சைபர் மூணு..."

ஜெபமாலை சொல்வதுபோல் அமிர்தம் புரோகிராமை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் விரல்கள் விசைகளைப் பார்க்காமலே ஓடின. அட்டையில் வரைந்த எழுத்தெல்லாம் தட்டித்தட்டி என்றைக்கோ அழிந்துவிட்டதால், பார்த்து அடிக்க வழியே இருந்ததில்லை. நடுவர் எரிமலையைக் கடந்து வந்து நின்றபோது, தைரியநாதன் கடைசி விசையை அழுத்தினான்.

மங்கலான கூடத்தில் முதல் ஷிப்ட் விளக்கு எரிந்தது. பஸ்ஸர் அலறியது. அணைந்துபோன மேசைகளை விட்டுக் கூட்டம் மொத்தமும் இங்கே திரும்பியது. எரிமலைப் பையனும் வந்து எக்கிப் பார்த்தான்.

பாலிடெக்னிக்கிலிருந்து வந்திருந்த நடுவர் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல்வரை போனார். பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி வந்து மூன்று ஷிப்டையும் முழுசாக ஓடவிட்டுப் பார்த்தார்.

"முதல் பரிசு இதுக்குத்தான். சந்தேகமே இல்ல" என்றவர் துரைராஜிடம் திரும்பினார். "என்ன வேகம் சார் விரல்ல! எங்க காலேஜ்லயே கிட்டைப் பீரோவுல வச்சுப் பூட்டுற ஆளுங்க இருக்காங்க. நீங்க பசங்களுக்கு எப்பப்ப குடுக்கிறீங்க?"

துரைராஜ் தொண்டையைச் செருமினார். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தினமும் சார்" என்றார்.

"எத்தனை மணிக்கு சார்?" என்று மரியாதையாகக் கேட்டான் தைரியநாதன்.