சம்பந்தி வீட்டு மெத்தை

பதங்காஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் பசிலிசாவோடு வெளியூர் போனவர்கள் யாரும் இரண்டாம் முறை போனதில்லை. எந்த விடுதியில் இறங்கினாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மெத்தையைத் தூக்கிவிடுவாள். கைபேசி விளக்கை அடித்துத் தையல் தையலாகத் தேடுவாள். கட்டில் இடுக்கில் பழைய அட்டையை விட்டு வழித்து, வந்த தூசியை முகர்ந்து பார்ப்பாள். நாகாவில் மாதா திருவிழாவுக்குப் போன இடத்தில் மூட்டைப்பூச்சி கடித்து முதுகெல்லாம் தடித்துப்போனதிலிருந்து இந்தப் பழக்கம். அந்த விடுதிக்காரியின் பெயரும் அறை எண்ணும் எங்கள் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மகன் ஆர்னெலுக்கு முப்பத்தொன்பது வயது. கப்பலில் எந்திர அறை வேலை. இரண்டு பெண்கள் நிச்சயம் வரைக்கும் வந்து நழுவினார்கள். காரணம் தெருவுக்கே தெரியும், பசிலிசாவுக்குத்தான் தெரியாது. மூன்றாவதாகக் கிடைத்தவள் ரொம்பலோன் தீவின் மருத்துவச்சி மைலீன். இவன் நாலு வார்த்தை பேசினால் நாற்பதாகப் புரிந்துகொள்கிற பெண். இதுவும் போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். பெண் கேட்கப் போகிற வீட்டில் ஒரு குறை சொல்வதில்லை என்று பசிலிசா மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தாள்.

இராத்திரிக் கப்பல். கீழ்வகுப்பில் வரிசையாக இரும்புக் கட்டில்கள், பச்சை ரெக்சின் மெத்தைகள். ஆர்னெல் விழுந்தவுடன் குறட்டை விட்டான். பசிலிசாவா படுப்பாள்? மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்து வந்தாள். ஆனால் காசு கொடுத்த கட்டில் சும்மா கிடக்க மனசு ஒப்பவில்லை. தரையும் ஈரம். தன் படுக்கை விரிப்பும் மாற்று உடுப்பும் இருந்த பெரிய துணிப்பையைத் தூக்கி அந்த மெத்தையில் வைத்தாள். பை சுகமாகப் படுத்து வந்தது. மெத்தையில் பசியோடு இருந்தவை ஒவ்வொன்றாகப் பையின் தையலுக்குள் குடியேறின. உடம்பைக் காப்பாற்ற அத்தனை வித்தை தெரிந்தவளுக்குப் பையைப் பற்றித் தோன்றவே இல்லை.

பெண்வீட்டில் கிறிஸ்பினாவும் அவள் புருஷன் டொமெங்கும் தங்கள் கட்டிலைச் சம்பந்திக்கு விட்டுக்கொடுத்து, சமையலறையில் பாய் விரித்துக்கொண்டார்கள். டொமெங் சலவைக்கல் அறுப்பவர். நகக்கண்ணில் வெள்ளைத் தூள். அன்றைக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். பன்றி வறுவலும் சேமியாவும் தின்று முடித்ததும் பசிலிசா கொஞ்சம் சாய்ந்துகொள்வதாகச் சொல்லி அறைக்கதவைச் சாத்தினாள்.

காப்பி கொண்டுவந்த கிறிஸ்பினா கதவைத் தள்ளியபோது, மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் முட்டிபோட்டுக் கட்டில் இடுக்கில் விளக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"கம்மல் திருகாணி."

பசிலிசாவின் இரண்டு காதிலும் கம்மல் திருகாணியோடு இருந்தது. கிறிஸ்பினா இரண்டையும் பார்த்தாள். காப்பியைக் கீழே வைத்தாள். மெத்தையின் ஒரு நுனியைத் தானே பிடித்துக் கட்டிலில் போட உதவினாள்.

"முந்தாநாள்தான் வெயில்ல போட்டு எடுத்தேன். உங்களுக்காக" என்றாள்.

பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. டிசம்பரில் கல்யாணம், தீவுக் கோவிலிலேயே. அன்று படுக்கப்போகும்போது பசிலிசா அவர்கள் விரித்த புது விரிப்பின் மேல், பையிலிருந்து எடுத்த தன் விரிப்பை விரித்துக்கொண்டாள். காலையில் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, காப்பி குடித்து, சிரித்து விடைபெற்றாள். கப்பலில் வரும்போது தன்னைவிடப் பொறுமைசாலி உலகத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சத்தியம் பெண்வீட்டு வாசலோடு முடிந்தது என்பது அவள் எண்ணம். ஊர் திரும்பியதும் பையைப் பின்கட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டு நேரே மீன்கடைக்குப் போய்ச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். கப்பல் ஆட்கள் பாதிப்பேர் சாப்பிடுவது பக்கத்துக் கடையில்தான். நாலாம் நாள் செய்தி ரொம்பலோனில் இறங்கியது.

மைலீன் வீடு வீடாகப் போகிறவள். இரண்டு கர்ப்பிணிகள் வேறு மருத்துவச்சியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அவள் மருந்துப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள். அதற்குள் கிறிஸ்பினாவின் கட்டிலில் நிஜமாகவே பூச்சி பெருகிவிட்டது. கொதிநீர் ஊற்றினாள், மண்ணெண்ணெய் தடவினாள், கடைசியில் மெத்தையைக் கடற்கரையில் போட்டுக் கொளுத்தினாள். புகையைப் பார்த்த ஊர், சொன்னது சரிதான் என்றது.

மூன்றாம் வாரம் பசிலிசா எதற்கோ பையை இறக்கினாள். தையலோரம் கறுப்புப் புள்ளிகள். விரித்துப் பார்த்தாள். காய்ந்த தோல்கள், நடுவில் அசைந்துகொண்டு இரண்டு. கப்பல், பச்சை மெத்தை எல்லாம் அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். வெகுநேரம் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பையைக் கொல்லையில் போட்டுப் பற்றவைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரி கேட்டதற்கு, எலி கடித்துவிட்டது என்றாள். எலி கடித்த பையைத் தைப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கிறவர்களை இந்தத் தெரு பார்த்ததில்லை.

பெண்வீட்டாரைச் சமாதானம் செய்யப் போயிருந்த ஆர்னெல் மறுநாள் தீவிலிருந்து திரும்பினான். கால்கூடக் கழுவவில்லை.

"கல்யாணம் நிக்கலம்மா. அவங்க அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. நீங்க அங்க வரணும். வீடு சுத்தமா இருந்துச்சுன்னு அக்கம்பக்கத்துல நாலு பேரு முன்னாடி சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் பொய்யா சொன்னேன்? கடிச்சுதா இல்லையா?"

"எது கடிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

பசிலிசா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. யார் என்ன சொன்னது என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, கொல்லை வழியாக வரும்போது பை எரிந்த சாம்பலைப் பார்த்தேன் என்றான்.

"எலி கடிச்சுதுப்பா அதை."

"சரி. எலின்னே வெச்சுக்கங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கூடவே நிக்கிறேன்."

"அந்தத் தீவு மொத்தமும் கூடி நின்னு என்னப் பாத்துச் சிரிக்கணுமா? இந்த வயசுல?"

அவன் கொஞ்ச நேரம் அம்மாவின் கையைப் பார்த்தான். தடிப்பெல்லாம் எப்போதோ மறைந்திருந்தது. இன்னொரு தடவை கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் ஒருவேளை கிளம்பியிருப்பாள், அவளே அப்படித்தான் பிறகு நினைத்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. உடுப்புகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு செபுவுக்குப் போகிற கப்பலில் வேலைக்கு ஏறினான்.

டிசம்பர் வந்தது, கல்யாணம் இல்லாமலே. கல்யாணம் என்ன ஆச்சு என்று மீன்கடையில் யாரோ புதிதாகக் குடிவந்தவள் கேட்டாள்.

"அந்த வீட்டுல சுத்தம் கிடையாது. என் பிள்ளை தப்பிச்சான்" என்றாள் பசிலிசா.

மீன்காரி செதிளைச் சீவிக்கொண்டே இருந்தாள். அடுத்து நின்ற இரண்டு பேரும் மீனின் கண்ணைப் பார்த்தார்கள். பசிலிசா, யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.