இரண்டாம் முறை தொடும்போது

குழந்தைகள் மருத்துவமனையின் உயிர்காப்புப் பயிற்சியில் அந்தப் பொம்மை ஒருமுறையும் இறந்ததில்லை. அதன் இதயம் நின்றுபோகும், மருத்துவர்களும் செவிலியர்களும் மார்பை அழுத்தி, மூச்சூதி, நாடி பார்ப்பார்கள், இராது. மீண்டும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை கழுத்தைத் தொடும்போது பயிற்றுநர் கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்குவார்; நாடி துடிக்கும். எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அவருக்கு அதில் இரக்கமும் உண்டு, ஆறிப்போகும் சாப்பாட்டைப் பற்றிய கவலையும் உண்டு.

அன்று மறுதேர்வு தொடங்குமுன், வார்டின் மூத்த செவிலி அவரை மாடிப்படியருகே நிறுத்தினாள்.

"சின்ன டாக்டரம்மா வார்டுக்குத் திரும்பறது உங்க கையிலதான் இருக்கு, இல்லையா சார்?"

"ஆமா சிஸ்டர். போன வாரம் அந்தப் பையன் போனதுக்கப்புறம், இந்தத் தேர்வுல தேறாம அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நான் பக்கத்துலதான் நின்னேன். முதல்ல எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. ரெண்டாவது தடவை கழுத்துல வெச்ச விரலை எடுக்கவே இல்ல. வந்துரும், வந்துரும்னு நின்னாங்க. அவ்வளவு நேரமும் மார்பு சும்மா கிடந்துச்சு. கடைசியில நான்தான் அவங்களை ஒதுக்கிட்டு அழுத்தினேன். அதனாலதான் பிள்ளை போச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா எதுக்குக் காத்துக்கிட்டிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

தேர்வறையில் செவிலி பொம்மையின் வழுக்கைத் தலையை நேராக்கினாள். "எத்தனை தடவை செத்துப் பிழைச்சாலும் லீவு கேக்காத ஆள் நீ ஒருத்தன்தான்டா, மொட்டையா."

இளம் மருத்துவர் சிரிக்கவில்லை.

அழுத்தத் தொடங்கினார்கள். முதல் முறை நாடியில்லை. ஆள் மாறி அழுத்தினார்கள். இரண்டாம் முறை இளம் மருத்துவரின் விரல்கள் கழுத்துக்குப் போயின. கண்கள் பொம்மையிடம் போகவில்லை. அவை பயிற்றுநரின் கட்டைவிரலில் நிலைகுத்தி நின்றன.

அவர் ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் மேசையைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே கழுத்தை விட்டு வந்தன.

"நாடி இல்ல. அழுத்துங்க."

அழுத்தினார்கள். மருந்து சொன்னாள், இதயம் நின்றதற்கு விட்டுப்போன காரணம் ஏதேனும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றாம் முறையும் நாடியில்லை, அதற்குப் பின்னும் இல்லை. செவிலியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரம் கடந்தும் ஒருவரும் பயிற்றுநரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் அந்த இளம் மருத்துவர்தான்.

"வேற யாருக்காவது ஏதாவது தோணுதா?"

செவிலி அழுத்திக்கொண்டே இல்லையென்று தலையசைத்தாள்.

"நிறுத்திக்கலாம்." கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள்.

பயிற்றுநர் தேர்ச்சியென எழுதிக் கையெழுத்திட்டார். எதையாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததோ பாடத்தின் அடுத்த பகுதிதான்.

"அடுத்து, பிள்ளையோட அம்மாகிட்டச் சொல்லணும். ஒரு தடவை பழகிப் பாத்துடலாமா?"

"அது பழகிட்டேன் சார், போன வாரம்."

கையுறைகளைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அவள் வார்டுக்குப் போனாள்.