கூண்டில் விழுந்த செல்லு

பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வெளிக்கதவைத் தாண்டிய மாமியார், திரும்பி நின்று சொன்னார்: "மாப்பிள்ளை, கோழிக் கூண்டுல செல்லு விழுந்திருக்கு. என்னன்னு பாருங்க."

அவன் தலையாட்டினான். மனைவி இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். யார் எது சொன்னாலும் தலை தானாக ஆடும். வாய் திறந்தாக வேண்டிய இடத்தில் "உங்க இஷ்டம்" என்று சொல்லும்.

பாவம், அத்தையின் செல்போன், முட்டை எடுக்கக் குனிந்தபோது நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். சட்டைக் கையை மடித்துவிட்டு, கூண்டுக்குள் தோள் வரை நுழைந்து வைக்கோலைத் துழாவினான். கிடைக்கவில்லை. படித்தவன் அல்லவா, யோசனை வந்தது. அத்தையின் எண்ணுக்கு அழைத்துவிட்டு, மணி எங்கே அடிக்கிறது என்று கூண்டில் காதை வைத்துக் கேட்டான்.

"ஹலோ," என்றார் அத்தை.

"நீங்க எடுத்துட்டீங்களே, அத்தை."

"போன் வந்தா எடுக்க மாட்டாங்களா?"

"அப்போ கூண்டுல விழுந்தது யாரோட செல்லு?"

 பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே அத்தை நிதானமாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, கை அரிக்குதா?"

அரித்தது. கை, கழுத்து, காது எல்லாமே அரித்தது.

"அதுதான் செல்லு. கோழி ரத்தத்தைக் குடிக்கிற பூச்சி. பெரிய கோழிக்குக் கொண்டை வெளுத்துக் கிடக்கு, அதுகூடத் தெரியலையா உங்களுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை பெட்டியோட வரேன். கோழி மூணையும் நானே கொண்டுபோயிடறேன்."

"உங்க இஷ்டம், அத்தை."

போனை வைத்த பிறகுதான் தன் இஷ்டம் அதுவல்ல என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததே ஆச்சரியம். அலமாரியில் இருந்த புடவைகளை அத்தை எடுத்துப்போனபோது ஒன்றும் தோன்றவில்லை. கோழிகள் போகக் கூடாது என்று மட்டும் உள்ளே ஏதோ அரித்தது. செல்லாகவும் இருக்கலாம்.

கோழிகளை வாங்கியவள் அவன் மனைவி. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால், பெரிய கோழிக்குத் தலைமையாசிரியை, அடுத்ததற்குச் சின்ன டீச்சர், எந்நேரமும் தூங்கும் மூன்றாவதற்கு வாட்ச்மேன் என்று பட்டம் வைத்திருந்தாள். தலைமையாசிரியையின் கொண்டை இப்போது பழைய செங்கல் நிறத்தில் தொய்ந்திருந்தது.

மறுநாள் தீவனக் கடைக்குப் போனான். கடைக்காரர் அவனிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றே பேசினார்.

"பகல்ல கோழி மேல தேடாதீங்க சார். கோழி ஏறி உக்கார்ற கட்டை இருக்குல்ல, அதோட இடுக்குல குடும்பம் நடத்திக்கிட்டிருக்கும். கோழி தூங்கினதும் சாப்பாட்டுக்கு வெளிய வரும். வைக்கோலை எரிச்சிடுங்க. வெந்நீர் ஊத்திக் கழுவுங்க, காய வெச்சு வேப்பெண்ணெய் தடவுங்க. கோழி புரள்றதுக்கு மணலும் சாம்பலும் கலந்து வைங்க."

"புதினா, துளசி எல்லாம் இருக்கு. என் மனைவி கோழிக்குன்னே வளர்த்தாங்க."

"கூண்டு வாசமா இருக்கும். பூச்சியும் வாசமா இருந்துட்டுப் போகும். கோழி தின்னட்டும், நல்லதுதான். ஆனா எண்ணெயை மறந்துடாதீங்க."

தண்ணீர் மோட்டாருடன் பெட்டியில் வரும் விளக்கப் புத்தகங்களை எழுதுவது அவன் தொழில். அன்று மாலையே கூண்டுக்கும் ஒன்று எழுதினான். ஒரு தாள், இரண்டு பக்கம், எச்சரிக்கைக் குறிகளுடன். 'முதலில் கோழிகளை அப்புறப்படுத்துக' என்று தொடங்கினான். எங்கே அப்புறப்படுத்துவது என்று எழுதவில்லை. ஆகவே மறுநாள் காலையில் அவற்றை மூலிகைப் பாத்தியில் விட்டான். பாத்தியின் மேல் அவள் கட்டியிருந்த கம்பி வலையை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று போன மாதம் அவனே பிரித்துப் போட்டிருந்தான்.

கூண்டைக் கழுவி நிமிர்வதற்குள் துளசி முடிந்துவிட்டது. ஓமவல்லி குச்சியாக நின்றது. புதினாவில் வேர் மட்டும் மிச்சம். வலைக்கு மேலே நீட்டும் இலையை மட்டும் கோழி கொத்தும், அடிச்செடி பிழைக்கும். வலை எதற்கு என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. வாட்ச்மேன் முதல்முறையாக விழித்திருந்து, மண்ணையும் கிளறிக்கொண்டிருந்தது.

புதினா வேர்களை மறுபடி ஊன்றி, பாத்திரம் காயவைக்கும் கம்பிக் கூடையைக் கவிழ்த்து மூடினான். வலையைத் திரும்பக் கட்டத் தெரியவில்லை. அன்றிலிருந்து தட்டுகள் கட்டிலின் மேல் காய்ந்தன.

வாரம் முழுவதும் கட்டைக்கு வேப்பெண்ணெய் தடவினான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மோப்பம் பிடித்து, "யாருக்கோ உடம்பு வலியா?" என்று விசாரித்தார். சனிக்கிழமை தலைமையாசிரியை சாம்பல் தொட்டியில் புரண்டு, எழுந்து, அவன் காலை ஒரு கொத்து கொத்தியது. நல்ல பலமான கொத்து. அவனுக்கு நம்பிக்கை வந்தது.

ஞாயிறு காலை வெள்ளைத் தாளைக் கட்டையின் அடியில் வைத்துத் தேய்த்து எடுத்தான். மூன்று சிவப்புக் கோடுகள், ரத்தம் குடித்த செல்லு நசுங்கியவை. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "ஒண்ணும் இல்லை அத்தை" என்று சொல்லலாம். சொன்னால், அடுத்த மாதம் கோழியே இருக்காது. நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துளை போட்ட அட்டைப்பெட்டியுடன் அத்தை கொல்லைக்கு வந்துவிட்டார்.

தாளை நீட்டினான். அத்தை பார்த்தார். பெட்டியைத் தரையில் வைத்து மூடியைப் பிரித்தார்.

"வேண்டாம், அத்தை."

"எது வேண்டாம்?"

"கொண்டுபோக வேண்டாம். எனக்கு இதுங்க இங்க இருக்கணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்."  

அத்தை முந்தானையை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று பயந்தான். அவர் மூக்கைத்தான் துடைத்தார். எண்ணெய் நாற்றம் அப்படி.

"இதைப் போன வாரமே வாயைத் திறந்து சொல்லியிருந்தா, பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்க மாட்டேன்." கூண்டுக்குள் குனிந்தார். "கட்டையைக் கழட்டினீங்களா?"

"ஆணி அடிச்சிருக்கே."

"யாரு சொன்னா?" அத்தை ஒரு கையால் தூக்கினார். பள்ளத்தில் செருகி வைத்திருந்த கட்டை சுலபமாக வந்தது. அதன் இரு முனைகளிலும் ஒரு ஊரே குடியிருந்தது. 'சுத்தம் செய்யும் முன் பாகங்களைக் கழற்றுக' என்று எல்லா மோட்டார் புத்தகத்திலும் அவன் முதல் பக்கத்தில் எழுதுவான்.

"செல்லோட முட்டையும் இருக்கு. இன்னைக்குக் கழுவி, ஒரு வாரம் விட்டு மறுபடி கழுவணும். நானும் வரேன்." அத்தை கைப்பையைக் கொடிக்கம்பியில் மாட்டினார். "போய் வெந்நீர் போடுங்க."

"எவ்வளவு, அத்தை?"

"பெரிய பாத்திரம் நிறைய. முதல்ல கூண்டுக்கு. அப்புறம் உங்களுக்கு."