குப்புவின் மூக்குக் கம்பி

பரீட்சையில் தேறிவிட்டால் படிப்பு முடிந்தது என்று நல்லம்மாள் நினைத்திருந்தாள், பாவம். அவள் வேலைக்குச் சேர்ந்த, அக்கரைச் சீமையின் ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில், நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். புதிதாகத் தேறிய நர்ஸ், தன் வார்டிலிருந்து ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, வீடுவாசல், சாப்பாடு, பிள்ளைகுட்டி என்று ஒன்று விடாமல் விசாரித்து எழுத வேண்டும். பிறகு பெரிய டாக்டரும் மற்ற நர்ஸுகளும் உட்கார்ந்து கேட்க, எழுந்து நின்று இங்கிலீஷில் படிக்க வேண்டும். நன்றாகப் படித்தவளுக்கு வார்டு நிலைக்கும். உளறியவள் மறுபடியும் பேசின் கழுவலாம்.

முப்பத்துநாலாம் வருஷம் அது. அந்தத் தடவை தேறியவர்களில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்து வீட்டிலிருந்து அவள் வெள்ளைத் தொப்பியோடு கிளம்பினால் தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும். அவள் உளறினால் தெருவே உளறியதாகிவிடும்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு கைக்குழந்தையை. குப்பு என்று பெயர். பிறந்து மூன்று மாதம் நிறையவில்லை. தாய் மீனாட்சி எதிர்க்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறித் தூக்கி வந்திருந்தாள். குழந்தைக்கு மூச்சு இரைத்தது, குடித்த பாலைக் கக்கியது, முகம் உப்பியிருந்தது. அழ வாயைத் திறக்கும், சத்தம் வராது. நெஞ்சுச் சளி என்று தீர்மானித்து அதற்கான மருந்து நடந்துகொண்டிருந்தது.

குழந்தையின் மூக்கில் ஒரு மெல்லிய தங்கக் கம்பி இருந்தது. ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி, குப்பு என்று பெயரும் வைத்திருந்தால் என்ன அர்த்தம் என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் பிறந்தவை தங்கவில்லை. இதையாவது எமன் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு மன்றாட்டு. நல்லம்மாள் முதல் பார்வையிலேயே தெரிந்துகொண்டாள்.

எழுத உட்கார்ந்தபோது எல்லாம் சுலபமாக வந்தது. புருஷன் முனுசாமி, பிறை ஊர் ரயில் யார்டில் வேலை. மீனாட்சிக்கு ஜுரம் கிடையாது, தாய்ப்பாலுக்குக் குறைவில்லை. முன்பிறந்த குழந்தைகள் என்ற இடத்தில்தான் பேனா நின்றது. எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன, எதனால் இறந்தன, மூன்றையும் கேட்டே தீர வேண்டும் என்று படிப்புக் காலத்தில் சிஸ்டர் மண்டையில் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தாள். சிஸ்டருக்கு என்ன, பசாரில் மீன் விலை கேட்பது மாதிரி கேட்டுவிடுவாள். மடியில் சீக்காய்க் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, போன பிள்ளைகளின் கதையை ஒரு தாயிடம் எந்தத் தமிழச்சி கேட்பாள்? வாய் கூசாதா?

ஆனாலும் கட்டில் பக்கத்தில் போய் நின்று, பட்டும் படாமலும் ஆரம்பித்தாள்.

"மீனாச்சி, ஒனக்கு எத்தன புள்ளைங்க?"

"இது ஒண்ணுதான் மிஸ்ஸி." சொல்லிவிட்டு மீனாட்சி குழந்தையின் மூக்கை முந்தானையால் மூடினாள்.

அதற்கு மேல் நல்லம்மாள் கேட்கவில்லை. திரும்பிப் போய் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். செய்தது சரி என்றே அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. இந்த மனசுக்குத்தானே தமிழ் நர்ஸ் வேண்டும் என்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை படித்தாள். திக்கவில்லை, திணறவில்லை. மேட்ரன் தலையை ஆட்டிக் கேட்டாள். படித்து முடித்ததும் பெரிய டாக்டர், "நல்ல எழுத்து. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தினமும் பார்க்கிறேன், அந்தக் குழந்தையின் மூக்கில் என்ன கம்பி?" என்றார்.

"எங்கள் வழக்கம், சார்."

"எல்லாக் குழந்தைக்குமா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "முன்னால் பிறந்த குழந்தைகள் இறந்திருந்தால் குத்துவார்கள், சார்."

டாக்டர் காகிதத்தை வாங்கி, அவள் 'இல்லை' என்று எழுதிய இடத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எதனால் இறந்தார்கள் என்று உடனே கேட்டு வா" என்றார்.

முனுசாமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கேட்க அவளுக்கு அவ்வளவு கூச்சமில்லை. அவனும் மறைக்கவில்லை.

"ரெண்டு புள்ளைங்க மிஸ்ஸி. ரெண்டும் மூணு மாசம் தாண்டல. இதே மாதிரிதான். மொகம் வீங்கும், தொண்ட அடச்சிக்கும், வாயத் தொறந்தா சத்தமே வராது. அப்பறம் ஒரே நாள்ல முடிஞ்சிரும் லா."

"மீனாச்சி என்ன சாப்புடுது?"

"கொறையே வெக்கல மிஸ்ஸி. நான் தின்றது புழுங்கரிசிதான். புள்ள பெத்தவளுக்கு மட்டும் சயாம் வெள்ளரிசி, மல்லியப்பூ மாதிரி, தேடி வாங்கியாந்து போடறேன். மெளகு ரசம், பூண்டு. பருப்பு, கீரை, மீனு ஒண்ணும் கண்ணுல காட்டறதில்ல. பத்தியம்னா பத்தியந்தான்."

நல்லம்மாளுக்கு நோய் பிடிபட்டுவிட்டது. பாடத்தில் வந்த நோய்தான். தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியையே தின்றால் வரும் பெரிபெரி. தாய் நன்றாக நடமாடுவாள், பாலில் சத்திருக்காது, குழந்தையின் இருதயம் வீங்கிப்போகும். புழுங்கலரிசி தின்னும் தமிழருக்கு அது வராது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதனால் யாரும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் இப்படிப் போயின என்று ஒரு வரி எழுதியிருந்தால் டாக்டர் அன்றைக்கே யோசித்திருப்பார். அந்த வரியைத்தான் அவள் மரியாதை கருதி விட்டுவிட்டாள்.

தாய்ப்பாலை நிறுத்தினார்கள். தவிட்டுச் சாற்றைக் குழந்தையின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முன்பே கொடுத்திருந்தால் ஒரு நாளில் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதை நல்லம்மாளைப் பார்த்துச் சொல்லவில்லை. நல்லம்மாள் தன் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கரண்டியும் கையுமாக நின்றாள். தண்ணீர்மலை முருகனிடம் எத்தனையோ வேண்டிக்கொண்டாள். மறுநாள் காலையில், வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குப்பு சத்தமில்லாமல் ஒரு தடவை வாயைத் திறந்தது. அதோடு போய்விட்டது.

அரிசி விஷயத்தை அவள் முனுசாமியைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"நான் வாங்கியாந்ததுதான் மிஸ்ஸி" என்றான். பிறகு, "அவகிட்ட சொல்லிராதீங்க. இனி புழுங்கரிசியே வாங்கறேன். அவ பாலாலதான் போச்சுன்னு மட்டும் தெரிய வேணாம்" என்று கும்பிட்டான்.

அவன் வண்டி பார்க்க வெளியே போனான். மீனாட்சி குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அழுது அழுது கண் வற்றியிருந்தது. நல்லம்மாள் எதிரே போய் நின்றாள். என்ன சொல்ல வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மன்னித்துக்கொள் என்று சொன்னால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் அரிசியைச் சொல்ல வேண்டும், பாலைச் சொல்ல வேண்டும்.

மீனாட்சிதான் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போனாலும் மொத கேள்வி அதான் மிஸ்ஸி. முன்ன எத்தன போச்சு, எத்தன போச்சுன்னு. சொந்தக்காரங்க, பக்கத்து வூட்டுக்காரங்க, ஒருத்தர் பாக்கியில்ல. கேட்டுக் கேட்டே என்னைத் தின்னுட்டாங்க. நீங்க எம்புள்ள மூக்கைப் பாத்தீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரியும். இருந்தும் போனதுங்களப் பத்தி ஒரு வார்த்த கேக்கல." அவள் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அந்த மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும் மிஸ்ஸி."